மில் கணக்கை மாற்றி எழுதி கால்பந்து டீம் வளர்த்த மேனேஜர்... பிளேயர் தகுதி, பாயிண்ட் குறைப்பு விதிகளுக்குப் பின்னால் இருக்கும் வில்லியம் சூடெல் யார்?

கோல் அடித்து ஜெயிப்பது ஒரு வகை. எதிர் டீம் தகுதியில்லாத பிளேயரை இறக்கியது என்று புகார் கொடுத்து ஜெயிப்பது இன்னொரு வகை. இந்தியாவில் 2024-25 ஐ-லீக் கோப்பை இரண்டாவது வகையில்தான் முடிவானது.

நாம்தாரி அணியிடம் 2-0 என்று தோற்ற இன்டர் காசி, சஸ்பென்ஷனில் இருந்திருக்க வேண்டிய வீரரை நாம்தாரி ஆட வைத்தது என்று புகார் கொடுத்தது. அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் ஒழுங்கு நடவடிக்கை கமிட்டி இன்டர் காசிக்கு சாதகமாகச் சொன்னது. மேல்முறையீட்டு கமிட்டி அதை மாற்றியது. லீக் முடிந்தபோது பட்டியலில் சர்ச்சில் பிரதர்ஸ் 40, இன்டர் காசி 39. கடைசியில் சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பு சொல்லி, 42 புள்ளிகளோடு இன்டர் காசிதான் சாம்பியன் என்றானது. கடைசி மேட்ச் முடிந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது!

திண்டுக்கல் மைதானங்களில் லோக்கல் டோர்னமென்ட் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தத் தகராறு புதுசு இல்லை. வெளியூர் ஆளை இறக்கிட்டாங்க, இவர் போன மாசம் வேறு டீமில் ஆடியவர், மில் டீமில் இருப்பவர் நிஜமாகவே மில்லில் வேலை பார்க்கிறாரா... இப்படித்தான் ஆரம்பிக்கும்.

இதே கேள்விகளை 140 வருஷத்துக்கு முன்னால் ஒரு நாடு முழுக்கக் கேட்க வைத்தவர் ஒருத்தர் இருக்கிறார். அவரும் பஞ்சு மில்காரர்தான். பெயர் வில்லியம் சூடெல்.

பஞ்சு ஊர்... பந்து ஊர்

இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஷயர் என்ற பகுதி. அதில் பிரஸ்டன் ஒரு மில் நகரம். வேடசந்தூர் பக்கம் ரோட்டில் போனால் வரிசையாக நூற்பு மில்கள் கண்ணில் படும் இல்லையா? 19-ஆம் நூற்றாண்டு லங்காஷயரில் ஊருக்கு ஊர் புகைபோக்கிகள்தான். அங்கே நெய்த துணி கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்து இறங்கி நம்ம ஊர் கைத்தறியை அடித்தது தனிக் கதை. 1931-ல் லண்டன் போன காந்தி, அந்நியத் துணி பகிஷ்கரிப்பால் வேலை போன மில் தொழிலாளர்களை நேரில் பார்க்கப் போன டார்வன் ஊர்கூட இதே லங்காஷயரில்தான் இருக்கிறது.

அந்த டார்வனுக்குக் கால்பந்திலும் ஒரு இடம் உண்டு. 1870-களின் கடைசியில் ஃபெர்கஸ் சூட்டர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அங்கே வந்து ஆடினார். காசு வாங்கி ஆடிய முதல் வீரர்களில் ஒருவர் என்று இன்றைக்கும் அவரைச் சொல்வார்கள். காசு வாங்கியதாக எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஏன் என்றால், அந்தக் காலத்து கால்பந்து வசதியான வீட்டுப் பிள்ளைகளின் கையில் இருந்தது. ஈட்டன் மாதிரி பள்ளிகளில் படித்தவர்கள்தான் லண்டனில் கால்பந்து சங்கத்தை நடத்தினார்கள். ஆட்டத்துக்குக் காசு வாங்குவது அவர்கள் கண்ணில் கேவலம். 1882-ல் விதியே போட்டுவிட்டார்கள். செலவான பணமும், வேலைக்குப் போகாததால் விட்டுப்போன கூலியும் தவிர ஒரு பைசா வாங்கினாலும் அந்த வீரர் கோப்பைப் போட்டியில் ஆட முடியாது. அவரை வைத்திருக்கும் கிளப்பும் வெளியே.

சனிக்கிழமை மதியம் வரை மில்லில் நின்றுவிட்டு வந்து ஆடுகிற தொழிலாளிக்கும், அப்பா சொத்தில் வாழ்கிறவருக்கும் ஒரே விதி. கேட்க சமத்துவம் மாதிரி இருக்கும். அடிபட்டுப் படுத்தால் யார் வீட்டில் அடுப்பு எரியாது என்று யோசித்தால், அந்த விதி யாருக்கு வசதி என்று புரிந்துவிடும்.

16-0 தோல்வியில் ஆரம்பித்தவர்

சூடெல் பிரஸ்டனில் பிறந்து, அதே ஊரில் பஞ்சு மில் மேனேஜராக உயர்ந்தவர். உள்ளூர் தன்னார்வப் படையில் இருந்ததால் ஊரில் அவரை மேஜர் என்றே அழைத்தார்கள். அவர் பொறுப்பில் இருந்த நார்த் எண்ட் கிளப் முதலில் கிரிக்கெட் கிளப். 1880 வாக்கில் கால்பந்து பக்கம் திரும்பியது. ஆரம்பத்தில் பக்கத்து ஊர் பிளாக்பர்ன் ரோவர்ஸ் வந்து 16-0 என்று அடித்துவிட்டுப் போனார்கள்.

உள்ளூர் பையன்களை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சரி செய்ய முடியாது என்று சூடெலுக்குப் பட்டது. அப்போது பந்தை ஒருத்தருக்கொருத்தர் பாஸ் பண்ணி ஆடும் ஆட்டத்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள்தான் கெட்டி. சூடெல் அங்கிருந்து ஒவ்வொருத்தராகக் கூட்டிக்கொண்டு வந்தார். நிக் ராஸ், அவர் தம்பி ஜிம்மி ராஸ் என்று பட்டியல் நீண்டது. வந்தவர்களுக்கு ஊரில் வேலை போட்டுக் கொடுத்தார். பேருக்கு வேலை, நிஜத்தில் பந்து.

அவர் வெறும் பணக்கார ரசிகர் இல்லை. மேஜை மேல் காய்களை வைத்து, யார் எங்கே நிற்க வேண்டும், பந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். இன்றைக்கு கோச்சுகள் ஒயிட் போர்டில் செய்கிற வேலை அது. நிறமும் அவருக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. இன்றைய கானாவில் பிறந்த ஆர்தர் வார்ட்டன் 1886-87-ல் பிரஸ்டன் கோல்கீப்பராக நின்றார். உலகின் முதல் கறுப்பின தொழில்முறை கால்பந்து வீரர் என்று இன்று அவரைக் கொண்டாடுகிறார்கள்.

1884: மாட்டினார்... ஒத்துக்கொண்டார்

1884 ஜனவரி. பிரஸ்டனின் டீப்டேல் மைதானம். எஃப்.ஏ. கோப்பையில் லண்டனின் அப்டன் பார்க் அணியோடு 1-1 டிரா. மேட்ச் முடிந்ததும் அப்டன் பார்க் புகார் கொடுத்தது. பிரஸ்டன் டீமில் இருப்பவர்கள் காசு வாங்கி ஆடுகிறார்கள் என்பதுதான் புகார்.

இந்த மாதிரி புகார் வந்தால் அப்போது எல்லா கிளப்பும் ஒரே மாதிரி நடந்துகொண்டது. இல்லவே இல்லை என்று சத்தியம் செய்வது, இன்னொரு கணக்கு நோட்டைக் காட்டுவது, யாராவது ஒரு பிளேயரைப் பலி கொடுப்பது. முந்தைய வருஷம்தான் அக்ரிங்டன் கிளப் இதே காரணத்துக்காக வெளியே போயிருந்தது.

சூடெல் விசாரணையில் மறைக்கவில்லை. வெளியூரிலிருந்து வீரர்களைக் கொண்டு வந்து வேலை போட்டுக் கொடுப்பது உண்மைதான், லங்காஷயரில் எல்லாருமே இதைத்தான் செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். விளைவு, பிரஸ்டன் அந்த வருஷக் கோப்பையிலிருந்து தூக்கியெறியப்பட்டது.

ஒருவர் ஒத்துக்கொண்ட பிறகு எல்லாருக்கும் தைரியம் வந்தது. அதே வருஷம் அக்டோபரில் வடக்கத்திய கிளப்கள் மான்செஸ்டரில் கூடி, தனியாக பிரிட்டிஷ் கால்பந்து சங்கம் ஆரம்பிக்கப்போகிறோம் என்று மிரட்டின. அந்தக் கூட்டத்தை முன்னால் நின்று நடத்தியவர்களில் சூடெல் முக்கியமானவர்.

லண்டன்காரர்களுக்கு ஒரு சிக்கல். இதற்கு முந்தைய வருஷமே, 1883-ல், பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற தொழிலாளிகள் டீம் பழைய ஈட்டன் மாணவர்களை ஃபைனலில் தோற்கடித்து கோப்பையை வடக்கே கொண்டு போயிருந்தது. வடக்கு பிரிந்து போனால் நல்ல ஆட்டமும் கூட்டமும் சேர்ந்தே போய்விடும். 1885 ஜூலை 20. காசு வாங்கி ஆடுவது சட்டப்படி செல்லும் என்று கால்பந்து சங்கம் இறங்கி வந்தது.

சும்மா இறங்கவில்லை. இங்கேதான் இன்றைய தகராறுகளின் விதை இருக்கிறது.

10 கிலோமீட்டர் விதி

காசு வாங்குகிற வீரர் வருஷா வருஷம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு சீசனில் அனுமதி இல்லாமல் ஒரு கிளப்புக்கு மேல் ஆடக்கூடாது. கோப்பைப் போட்டி என்றால், கிளப் மைதானத்திலிருந்து ஆறு மைல் சுற்றளவுக்குள் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருஷம் அங்கே குடியிருந்திருக்க வேண்டும்.

ஆறு மைல் என்றால் சுமார் 10 கிலோமீட்டர். திண்டுக்கல்லை மையமாக வைத்து வட்டம் போட்டால், சின்னாளப்பட்டி வருவதற்குள்ளேயே எல்லை முடிந்துவிடும். வேடசந்தூரில் பிறந்த பையன் திண்டுக்கல் டீமுக்குக் கோப்பையில் ஆட இரண்டு வருஷம் வீடு எடுத்துத் தங்க வேண்டும். அவ்வளவு இறுக்கம்.

பிறந்த ஊரைப் பார்த்துத் தகுதி சொன்னால் எவ்வளவு வினோதம் வரும் என்பதற்கு பிரஸ்டன் டீமிலேயே ஒரு ஆள் இருந்தார். ஜான் குட்ஆல். அப்பா அம்மா ஸ்காட்லாந்துக்காரர்கள். வளர்ந்ததும் ஆட்டம் பழகியதும் ஸ்காட்லாந்தில். பிறந்தது மட்டும் லண்டனில். அதனால் இங்கிலாந்து அணிக்கு ஆடினார். அவர் தம்பி ஆர்ச்சி பெல்ஃபாஸ்டில் பிறந்தவர் என்பதால் அயர்லாந்துக்கு ஆடினார். ஒரே வீடு, இரண்டு நாடு!

குடியிருப்பு விதி பிறகு மறைந்தது. பதிவு விதி தங்கிவிட்டது. இன்றைக்கு ஒரு பிளேயரின் பெயர் சரியான தேதியில் சரியான கிளப்பில் பதிவாகியிருக்கிறதா என்று வக்கீல்கள் தேடுகிறார்கள் என்றால், அதன் ஆரம்பம் 1885-ன் அந்த ஒப்பந்தம்தான்.

தோற்கவே தோற்காத டீம்

இப்போது சூடெல் ஒளிந்து செய்ய வேண்டிய அவசியமில்லை. டீம் பறந்தது. 1887 அக்டோபரில் ஹைட் என்ற அணியை 26-0 என்று அடித்தார்கள். எஃப்.ஏ. கோப்பையில் இன்று வரை அதுதான் மிகப்பெரிய வெற்றி.

தலைக்கனமும் வந்தது. 1888 ஃபைனலுக்கு முன்பே, சட்டை அழுக்காவதற்குள் கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொள்கிறோம் என்று பிரஸ்டன் கேட்டதாகவும், முதலில் ஜெயித்துவிட்டு வாருங்கள் என்று ரெஃப்ரி மேஜர் மரிண்டின் திருப்பி அனுப்பியதாகவும் ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, மேட்சில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் 2-1 என்று ஜெயித்தது. அந்த டீமில் 11 பேரும் இங்கிலாந்துக்காரர்கள். வெளியூர் ஆளை வைத்து ஆடுகிறவர்களுக்கு நல்ல பாடம் என்று அன்று நிறைய பேர் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

சம்பளம் கொடுக்கிற கிளப்புக்கு வாரா வாரம் டிக்கெட் வசூல் வேண்டும். கோப்பையில் முதல் சுற்றிலேயே தோற்றால் சீசன் பூரா யாரோடு ஆடுவது? ஆஸ்டன் வில்லாவின் வில்லியம் மெக்ரெகர் 1888 மார்ச்சில் சில கிளப்களுக்குக் கடிதம் எழுதினார். எல்லாரும் எல்லாரோடும் ஊரிலும் வெளியூரிலும் ஆட வேண்டும் என்பது யோசனை. ஏப்ரலில் மான்செஸ்டரில் 12 கிளப் சேர்ந்தது. ஃபுட்பால் லீக் என்ற பெயரை முன்வைத்தவர் சூடெல். முதல் பொருளாளரும் அவர்தான். இந்தப் பதவியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெற்றிக்கு 2 பாயிண்ட், டிராவுக்கு 1 என்பதைக்கூட லீக் தொடங்கி இரண்டு மாதம் கழித்துத்தான் முடிவு செய்தார்கள். அந்தக் கணக்கில் பிரஸ்டன் 22 மேட்சில் 18 வெற்றி, 4 டிரா, 40 புள்ளி. இரண்டாவது வந்த வில்லாவுக்கு 29. அடித்த கோல் 74, வாங்கியது 15. அதே சீசனில் எஃப்.ஏ. கோப்பையையும் ஒரு கோல்கூட வாங்காமல் தூக்கினார்கள். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் ஒரு சீசன் முழுக்கத் தோற்காமல் இன்னொரு டீம் முடிக்க 2004 வரை, அர்செனல் வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த வருஷமும் சாம்பியன். அதற்குப் பிறகு இன்று வரை இல்லை.

முதல் பாயிண்ட் வெட்டு

லீக் பிறந்து மூன்றாவது சீசனில் அந்தச் சம்பவம் நடந்தது. 1890-ல் புதிதாகச் சேர்ந்த சண்டர்லேண்ட், நெட் டாய்க் என்ற ஸ்காட்லாந்து கோல்கீப்பரைக் கொண்டு வந்தது. பதிவு விதிப்படி காத்திருக்க வேண்டிய நாட்கள் முடிவதற்குள் அவரை இறக்கிவிட்டார்கள். லீக் இரண்டு பாயிண்டை வெட்டி அபராதமும் போட்டது. ஃபுட்பால் லீக்கில் புள்ளி குறைக்கப்பட்ட முதல் கிளப் அதுதான்.

இரண்டு பாயிண்ட் என்றால் ஒரு வெற்றி. தப்பான ஆளை வைத்து ஜெயித்தால் அந்த ஜெயிப்பே இல்லை என்ற கணக்கு அதில் இருக்கிறது. நியாயம்தான். ஆனால் பின்னாளில் எல்லா நேரமும் இதே கணக்கைப் பின்பற்றவில்லை. அதே சண்டர்லேண்ட் 2013-14 பிரீமியர் லீக்கில், சரியான அனுமதிச் சான்று வராத தென்கொரிய வீரர் ஜி டோங்-வோனை நான்கு லீக் மேட்சில் இறக்கியது. இந்த முறை அபராதம் மட்டும்தான். அந்த சீசனில் கீழே இறங்காமல் தப்பித்தது.

இதைவிடப் பெரிய தகராறு 2007-ல். கார்லோஸ் டெவெஸின் உரிமை வெளியாட்கள் கையில் இருந்ததை மறைத்ததற்காக வெஸ்ட் ஹாமுக்கு 55 லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது. பாயிண்டைத் தொடவில்லை. கடைசி நாளில் டெவெஸ் அடித்த கோலில் வெஸ்ட் ஹாம் தப்பியது, ஷெஃபீல்ட் யுனைடெட் கீழ் டிவிஷனுக்குப் போனது. பணத்துக்குப் பதிலாக மூன்று பாயிண்டை வெட்டியிருந்தால் இறங்கியிருக்க வேண்டியது வெஸ்ட் ஹாம். ஷெஃபீல்ட் வழக்குப் போட்டு, 2009-ல் வெஸ்ட் ஹாமிடம் நஷ்டஈடு வாங்கியது. டிவிஷன் திரும்பக் கிடைக்கவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது?

சூடெல் கதைக்குத் திரும்புவோம். பிரஸ்டன் அடுத்த மூன்று சீசனும் இரண்டாவது இடம்தான். பிரச்சினை மைதானத்தில் மட்டும் இல்லை. சம்பளம் சட்டப்படி ஆனதும் எல்லா ஊரும் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது. லிவர்பூல் மாதிரி பெரிய நகரத்தில் கூட்டம் அதிகம், வசூல் அதிகம். எவர்ட்டன் கிளப் நிக் ராஸை ஒரு சீசனுக்கு இழுத்துக்கொண்டு போனது. குட்ஆல் டெர்பிக்குப் போனார். எந்தக் கதவுக்காக சூடெல் போராடினாரோ, அதே கதவு வழியாக அவருடைய ஆட்கள் வெளியே போனார்கள்.

சின்ன மில் ஊரின் டிக்கெட் காசில் இந்தப் போட்டியைத் தாங்க முடியாது. 1893-ல் கிளப்பைக் கம்பெனியாக மாற்றினார்கள். சூடெலின் பிடி போனது. அதற்கு அடுத்த சீசனில் பிரஸ்டன் 16 அணிகளில் 14-ஆவது. அப்போது நேரடியாக இறக்கும் வழக்கம் இல்லை. மேல் டிவிஷனில் கடைசியாக வந்தவர்கள், கீழ் டிவிஷனில் முதலில் வந்தவர்களோடு ஒரு தேர்வு மேட்ச் ஆட வேண்டும். நாட்ஸ் கவுன்டியை 4-0 என்று ஜெயித்து பிரஸ்டன் தப்பியது. தோற்காத டீம் என்று பெயர் வாங்கி ஐந்தே வருஷத்தில் இந்த நிலைமை. 1901-ல் நிஜமாகவே கீழே இறங்கியது.

ஆனால் அதற்கு முன்பே சூடெல் வாழ்க்கை கவிழ்ந்துவிட்டது. மில்லின் கணக்குப் புத்தகத்தைத் தணிக்கை செய்தபோது ஓட்டை தெரிந்தது. 1895-ல் கைதானார். கணக்கைப் பொய்யாக எழுதி 5,326 பவுண்டு எடுத்தார் என்பது வழக்கு. அன்றைய மில் தொழிலாளிக்கு வாரக்கூலி ஒன்றிரண்டு பவுண்டு கிடைத்தாலே பெரிசு. அதை வைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய தொகை என்று தெரியும். குற்றம் நிரூபணமாகி மூன்று வருஷம் சிறை.

பணத்தில் பெரும்பகுதி கிளப்புக்குத்தான் போனது என்பது பரவலான நம்பிக்கை. அதனாலேயே அவரைத் தியாகி மாதிரி எழுதுபவர்களும் உண்டு. அது கொஞ்சம் அதிகம். எடுத்தது மில் முதலாளியின் பணம், அவர் நம்பி ஒப்படைத்த பணம். அதே நேரம், 1884-ல் எதையும் மறைக்காமல் நின்ற ஒரே ஆள், பத்து வருஷம் கழித்துக் கணக்கு நோட்டில் மறைத்ததற்காக ஜெயிலுக்குப் போனார் என்பது விசித்திரமான விஷயம்தான்.

விடுதலைக்குப் பிறகு அவர் இங்கிலாந்தில் தங்கவில்லை. தென் ஆப்பிரிக்கா போய், விளையாட்டுப் பத்திரிகையாளராகப் புது வாழ்க்கை தொடங்கினார். மேட்ச் நடத்தியவர் மேட்ச் பற்றி எழுதிப் பிழைத்தார். 1911-ல் கேப்டவுனில் இறந்தார்.

பிரஸ்டன் நார்த் எண்ட் இன்றும் அதே டீப்டேலில் ஆடுகிறது. ஸ்டேடியத்தின் நான்கு பக்கத்தில் மூன்றுக்கு டாம் ஃபின்னி, பில் ஷாங்க்லி, ஆலன் கெல்லி என்று பெயர். நான்காவது பக்கத்துக்கு, 1888-89-ல் தோற்காமல் ஆடிய டீமின் பட்டப் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த டீமைக் கட்டியவரின் பெயர் எந்தப் பக்கத்துக்கும் இல்லை.